சுவாசக் கருவியின் அருகே நிற்கிறவர்கள்

கிறிஸ்துவுக்குள் அன்பான நண்பர்களுக்கு,

சில வாரங்களுக்கு முன் மரக்காணத்தை அடுத்த ஒரு கிராமச் சபைக்குச் செய்தி கொடுக்கச் சென்றிருந்தேன். ஆராதனை முடிந்து வெளியே வருகையில் ஒரு சகோதரர் என் கைகளைப் பற்றிக்கொண்டார். "ஐயா, எங்க அப்பா நினைவா ஆஸ்பத்திரிக்கு ஒரு வெண்டிலேட்டர் வாங்கிக் கொடுக்கலாம்னு பிள்ளைங்க எல்லாரும் பேசியிருக்கோம். அது இருந்தா உயிர் பிழைச்சிடும் இல்லீங்களா?" என்று கேட்டார்.

நல்ல மனதோடு கேட்ட கேள்வி. "ஆமாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக மருத்துவமனை வார்டுகளில் நடந்து பழகிய எனக்கு அப்படிச் சொல்ல நா எழவில்லை. "அதன் பக்கத்தில் யார் நிற்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது தம்பி" என்றேன். அவர் முகத்தில் குழப்பம் தெரிந்தது. வாசலில் நின்று விளக்க அன்று நேரமில்லை. அவருக்கும், அவரைப் போலத் தாராளமாய்க் கொடுக்கிற உங்களுக்கும் அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

யாருக்கு இக்கருவி தேவைப்படுகிறது?

வெண்டிலேட்டர் என்னும் செயற்கைச் சுவாசக் கருவி நோயைக் குணமாக்குவதில்லை. தானாக மூச்சுவிட முடியாதவருக்கு, அவர் உடல் தேறும்வரை, மூச்சுக் கொடுத்துத் தாங்கி நிற்பதே அதன் வேலை. கடனாகக் கொடுக்கப்பட்ட மூச்சு என்று சொல்லலாம்.

நம் கடற்கரைப் பகுதியில் இதன் தேவை புதிதல்ல. உப்பளத்தை ஒட்டிய குடிசைகளில் தரையில் பாய் விரித்து உறங்குகிறவர்களை எண்ணிப்பாருங்கள். இரவில் வரும் கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் வலியே தெரிவதில்லை. விடியற்காலையில் கண் இமைகள் தாழ்ந்துவிடும். பேச்சு குழறும். பிறகு மார்புத் தசைகள் செயலற்றுப்போகும். அந்த நஞ்சு நரம்பு நுனிகளைப் பாதித்துவிட்ட பின்பு, விஷமுறிவு மருந்து மட்டும் உடனே அதைச் சரிப்படுத்திவிடாது. நரம்புகள் தேறச் சில நாட்கள் ஆகும். அந்தச் சில நாட்களுக்கு மூச்சு கிடைத்தால் பெரும்பாலும் அவர் முழுச் சுகத்தோடு வீடு திரும்புவார். அவருடைய நுரையீரலில் ஒரு குறையும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

வயலுக்கு வைத்திருந்த பூச்சிமருந்தை மன வேதனையில் குடித்துவிட்டு வருகிறவர்களுக்கும் இக்கருவி தேவைப்படுகிறது. 2023-ஆம் ஆண்டு மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் நடந்ததை நாம் மறக்கவில்லை. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து, இங்கும் செங்கற்பட்டு மாவட்டத்திலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்சுகள் ஓடின. அத்தகைய நஞ்சினால் நினைவிழந்து மூச்சு தளர்ந்தவரையும் இக்கருவிதான் தாங்க வேண்டும்.

ஆகவே கருவி வேண்டும் என்பதில் ஐயமில்லை. கேள்வி அதற்கு அடுத்தது.

குழாய் வழியே வரும் ஆபத்து

நாம் உணவருந்தும்போது புரையேறினால் உடனே இருமுகிறோம். அந்த இருமல் தேவன் நம் நுரையீரலின் வாசலில் வைத்த காவல்காரன். வெண்டிலேட்டரில் வைக்கப்படுகிறவருக்கு வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாய் செலுத்தப்படுகிறது. குரல்வளை மூட முடியாமல் திறந்தே இருக்கிறது. மயக்க மருந்தினால் இருமலும் அடங்கிப்போகிறது. காவல்காரன் இல்லாத வாசல் அது.

அந்தக் குழாயின் நுனிக்கு அருகில் சுற்றிலும் ஒரு சிறிய காற்றுப்பை உண்டு. பக்கவாட்டில் எதுவும் கசியாதபடி அது ஊதி நிற்கும். ஆனாலும் வாயில் ஊறும் எச்சில் அந்தப் பையின்மேல் தேங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்தில் இறங்குகிறது. பல் துலக்கப்படாத வாயில் கிருமிகள் பெருகுகின்றன. நோயாளி மட்டமாய் மல்லாந்து கிடந்தால் இரைப்பையில் உள்ளதும் மேலேறித் தொண்டைக்கு வருகிறது. இவையெல்லாம் சேர்ந்து நுரையீரலுக்குள் இறங்கும்போது நிமோனியா உண்டாகிறது. கருவியில் வைத்து இரண்டு நாட்களுக்குப் பின் தோன்றும் இந்த நோயை வெண்டிலேட்டர் சார்ந்த நிமோனியா என்று மருத்துவர்கள் அழைக்கிறார்கள்.

இது ஒன்று மட்டுமல்ல. அசையாமல் கிடப்பதால் படுக்கைப் புண் வருகிறது. கால் இரத்த நாளங்களில் இரத்தம் உறைகிறது. தசைகள் மெலிந்து, நஞ்சு இறங்கிய பின்பும் எழுந்து நிற்கப் பெலனில்லாமல் போகிறது. காற்றை அளவுக்கு மீறிச் செலுத்தினால் நுரையீரலே புண்படுகிறது. எந்தக் கருவி உயிரைத் தாங்குகிறதோ, அதே கருவியில் கழியும் ஒவ்வொரு நாளும் ஒரு ஆபத்தைக் கூட்டுகிறது.

பாம்பின் விஷத்திலிருந்து தப்பினவன் மருத்துவமனையில் வந்த நிமோனியாவினால் சாவதை எண்ணிப்பாருங்கள். அவனுடைய மனைவிக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

தடுக்கும் வழிகள் எளியவை

இந்த நோயைத் தடுக்கும் வழிகளில் பல விலையுயர்ந்தவை அல்ல என்பது எனக்கே வியப்பாக இருந்தது. எங்கள் மருத்துவர்களிடம் கேட்டறிந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். படுக்கையின் தலைமாட்டை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி வைக்கிறார்கள். 1999-இல் ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனாவில் 86 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். மட்டமாய்ப் படுத்திருந்த 47 பேரில் 16 பேருக்கு நிமோனியா என்று மருத்துவர்கள் கருதினார்கள். சாய்ந்திருந்த 39 பேரில் அப்படிக் கருதப்பட்டவர்கள் 3 பேரே. கட்டிலின் கைப்பிடியைச் சில சுற்றுச் சுற்றுவதற்கு என்ன செலவு?

இரண்டாவது, தினமும் ஒரு தடவை மயக்க மருந்தை நிறுத்தி நோயாளியை விழிக்கச் செய்து, தானாக மூச்சுவிட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு சிகாகோ மருத்துவர்கள் 128 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். தினமும் இவ்வாறு நிறுத்திப் பார்க்கப்பட்டவர்கள் நடுத்தரக் கணக்கில் 4.9 நாட்களில் கருவியிலிருந்து விடுபட்டார்கள். மற்றவர்களுக்கு 7.3 நாட்கள் ஆயின. சீக்கிரம் விடுபடுவதைவிடச் சிறந்த தடுப்பு வேறில்லை.

மூன்றாவது, வாய்ச் சுத்தம். பல ஆண்டுகளாக குளோர்ஹெக்சிடின் என்னும் மருந்துநீரால் வாயைத் துடைப்பது வழக்கமாக இருந்தது. அதனால் நன்மையைவிடத் தீமை கூடுதலாயிருக்கலாம் என்ற ஐயம் எழுந்ததால், 2022-இல் வெளியான அமெரிக்க நிபுணர்களின் வழிகாட்டுதல் அதை விட்டுவிட்டு, பல் துலக்குவதையே வற்புறுத்தியது. அடுத்த ஆண்டு பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பல் துலக்கப்பட்டவர்களிடம் மருத்துவமனையில் வரும் நிமோனியா ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாகக் காணப்பட்டது. நம் தாய்மார் தினமும் பிள்ளைகளுக்குச் செய்கிற வேலைதான் இது.

இவற்றோடு கை கழுவுதல், காற்றுப்பையின் அழுத்தத்தை அளந்து சரிபார்த்தல், சளியைச் சுத்தமாக உறிஞ்சி எடுத்தல், குழாயில் தேங்கும் நீரை நோயாளியின் பக்கம் போகவிடாமல் வடித்தல், புரட்டிப் படுக்கவைத்தல், இயன்றவரைக்கும் சீக்கிரமாக உட்காரவைத்தல் ஆகியவையும் உண்டு.

இந்தப் பட்டியலைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். இவற்றில் எத்தனை வேலைகள் பெரிய மருத்துவரின் கையில் இருக்கின்றன? மயக்க மருந்தைக் குறைக்க உத்தரவு தருவது அவர். மற்ற ஏறக்குறைய எல்லாம் செவிலியரின் கையிலும், ஆயாவின் கையிலும், உடற்பயிற்சி சிகிச்சையாளரின் கையிலும் இருக்கின்றன. அதுவும் ஒரு நாள் அல்ல, ஒவ்வொரு மணி நேரமும். இரவு இரண்டு மணிக்கும், ஞாயிற்றுக்கிழமையும், பண்டிகை நாளிலும்.

ஆயாம்மா கண்டது

இங்கே என் மனதில் நெடுநாள் பாரமாயிருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், வேறொரு ஊரில் வேறொரு மருத்துவமனையில் நான் பணிசெய்து வந்தேன். பாம்பு கடித்த ஒரு வாலிபன் அங்கே வெண்டிலேட்டரில் இருந்தான். இமைகளைத் திறக்க முடியாமல் கிடந்தாலும் அத்தகையவர்களுக்குக் காது கேட்கும், நினைவும் இருக்கும். ஆகவே தினமும் அவன் அருகில் நின்று பேசிவிட்டு ஜெபிப்பேன். ஐந்தாம் நாள் அவன் என் விரலைப் பற்றி அழுத்தினான். அவனுடைய தாயார் அதைக் கண்டு வராந்தாவில் உட்கார்ந்து அழுதார்கள். பிழைத்துவிட்டான் என்றே எல்லாரும் நினைத்தோம்.

அடுத்த நாள் காய்ச்சல் கண்டது. பிறகு நிமோனியா என்றார்கள். மருந்துகள் மாற்றினார்கள். பதினோராம் நாள் அவன் இறந்துபோனான்.

அடக்கம் முடிந்த சில நாட்களுக்குப் பின், அந்தப் பிரிவில் வேலை செய்த ஆயாம்மா ஒருவர் சிற்றாலயத்துக்கு வந்தார். "ஐயா, ஒண்ணு சொல்லணும். அந்தப் பையனுக்குத் துணி மாத்தும்போது கட்டிலைத் தாழ்த்தினோம். அப்புறம் யாரும் தூக்கி வெக்கலை. ரெண்டு ராத்திரியும் நான் பாத்தேன். சொன்னா, உனக்கென்ன தெரியும், உன் வேலையைப் பாருன்னுவாங்க. அதான் சும்மா இருந்துட்டேன்" என்றார்.

படுக்கை தாழ்ந்திருந்ததால்தான் அவன் இறந்தான் என்று நான் சொல்லவில்லை. ஒரு மரணத்துக்கு அப்படி ஒரே காரணத்தைக் காட்ட மருத்துவர்களாலும் முடியாது. ஆனால் ஒன்று நிச்சயம். அந்த அறையில் குறையைக் கண்ட கண்கள் இருந்தன. கண்டதைச் சொல்ல இடம் இல்லை.

என் பங்கையும் மறைக்கமாட்டேன். நான் அவருக்கு ஆறுதல் சொல்லி, ஜெபித்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவர் கொண்டுவந்த செய்தியை மேட்ரனிடமோ மருத்துவரிடமோ எடுத்துச் செல்லவில்லை. அவர் மன்னிப்பைத் தேடி வந்தார் என்று நினைத்தேன். இன்று யோசிக்கும்போது, அடுத்த நோயாளிக்காகவும் வந்தார் என்று தோன்றுகிறது.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாத்தியின் வரப்பில் எங்கே கசிகிறது என்று முதலில் காண்பவர் முதலாளி அல்ல, கணக்குப்பிள்ளையும் அல்ல. வெறுங்காலோடு அந்த வரப்பின்மேல் நடக்கிறவரே காண்கிறார். அவர் வாயைத் திறக்காவிட்டால் விளைந்த உப்பு கரைந்துபோகும்.

கருவிக்கு முன்னே கைகள் இருந்தன

இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் வரலாறே கைகளில் தொடங்குகிறது. 1952-ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியது. மூச்சுத் தசைகள் செயலற்ற நோயாளிகளை அக்காலத்துக் கருவிகளில் வைத்தும் பயனில்லை. முதல் சில வாரங்களில் அவ்வாறு வைத்த 31 பேரில் 27 பேர் மாண்டார்கள். அப்பொழுது பியோர்ன் இப்சன் என்னும் மயக்கவியல் மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ஒரு ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றுச் செலுத்தலாம் என்று காட்டினார். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி அவ்வாறு பிழைத்தாள்.

ஆனால் பையை அமுக்குவது யார்? ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். இரவும் பகலும், வாரக்கணக்கில், ஒவ்வொரு நோயாளியின் தலைமாட்டிலும் ஒருவர் உட்கார்ந்து அமுக்கினார். இறப்பு விகிதம் படிப்படியாக நூற்றுக்கு முப்பதுக்கும் கீழே இறங்கியது. பிற்பாடு அந்தக் கைகளின் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. தலைமாட்டில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்த ஆளின் வேலையை இன்றுவரை எந்த இயந்திரமும் முழுவதும் ஏற்கவில்லை.

கொரோனாக் காலத்தில் நம் தேசமும் இப்பாடத்தைக் கற்றது. 2020-இல் பிரதமரின் பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 50,000 வெண்டிலேட்டர்கள் வாங்க 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. கருவிகள் வந்து சேர்ந்த பின்பும், இயக்கப் பயிற்சி பெற்றவர்கள் போதாமையால் சில மாவட்ட மருத்துவமனைகளில் அவை பயனின்றிக் கிடந்ததை 2021-இல் செய்தித்தாள்களில் வாசித்தோம்.

கடைநிலை ஊழியரையும் கேட்டபோது

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 2003-ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு முயற்சியைக் குறித்து எங்கள் மருத்துவர் ஒருவர் எனக்கு விளக்கினார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த பீட்டர் புரோனோவோஸ்ட் என்னும் மருத்துவர் இதை முன்னின்று நடத்தினார். தலைமாட்டை உயர்த்துவது, மயக்க மருந்தை நிறுத்திப் பார்ப்பது போன்ற அதே எளிய காரியங்கள்தான். ஆனால் அவற்றை ஒரு சுற்றறிக்கையாக அனுப்பி நிறுத்திவிடவில்லை. ஒவ்வொரு பிரிவிலும் வேலை செய்கிற எல்லாரிடமும், இங்கே அடுத்த நோயாளிக்கு எந்த விதத்தில் தீங்கு நேரக்கூடும், அதைத் தடுக்க என்ன செய்யலாம் என்று எழுதிக் கேட்டார்கள். மருத்துவமனையின் மேல்நிலை நிர்வாகி ஒருவர் அந்தப் பிரிவுக்கு நேரில் வந்து, ஊழியர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டுத் தீர்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். ஒரு படி தவறினால் மருத்துவரையும் நிறுத்திக் கேட்கச் செவிலியருக்கு உரிமை கொடுத்தார்கள்.

112 தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் கணக்கு 2011-இல் வெளியானது. தொடக்கத்தில் ஆயிரம் வெண்டிலேட்டர் நாட்களுக்கு நடுத்தரக் கணக்கில் 5.5 பேருக்கு நிமோனியா வந்திருந்தது. பதினாறு முதல் பதினெட்டு மாதங்களுக்குப் பின் அந்த நடுத்தரக் கணக்கு பூஜ்யமாயிற்று.

அது பணக்கார தேசம் என்று நீங்கள் சொல்லலாம். நம் இந்தியாவிலும் இது நடந்தது. பத்து நகரங்களில் உள்ள 21 தீவிர சிகிச்சைப் பிரிவுகள் சேர்ந்து செய்த ஒரு முயற்சியின் முடிவு 2013-இல் வெளியானது. தடுப்பு முறைகளைக் கற்றுக்கொடுத்ததோடு நில்லாமல், அவை நடக்கின்றனவா என்று பார்த்து, எத்தனை பேருக்கு நோய் வந்தது, எத்தனை தடவை முறை தவறியது என்பதை அந்தந்தப் பிரிவின் ஊழியருக்கே திரும்பத் தெரிவித்தார்கள். ஆயிரம் வெண்டிலேட்டர் நாட்களுக்கு 17.43 ஆக இருந்த நோய் 10.81 ஆகக் குறைந்தது. நூற்றுக்கு 38 பங்கு குறைவு.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்த நிமோனியாவை நிச்சயமாகக் கண்டறிவது கடினம். ஒருவர் உண்டு என்பதை மற்றொருவர் இல்லை என்பார். ஆகவே எண்ணிக்கை குறைவதெல்லாம் நோய் குறைவதாகிவிடாது. இதனால்தான் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் 2013 முதல் கணக்கெடுக்கும் முறையையே மாற்றியது. நோயாளி எத்தனை நாள் கருவியில் இருந்தார், உயிரோடு வீடு திரும்பினாரா என்பவற்றையும் சேர்த்துப் பார்ப்பதே நேர்மை.

சுவரில் ஒரு கோடு

இந்த வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சிறிய யோசனை. கட்டிலின் பின்சுவரில் ஒரு கோடு போடுகிறார்கள். தலைமாடு 30 பாகைக்குக் குறையாமல் இருந்தால் அந்தக் கோடு கட்டிலுக்குப் பின்னே மறைந்திருக்கும். தாழ்ந்துவிட்டால் வெளியே தெரியும். அதைப் பார்த்துச் சொல்ல மருத்துவப் படிப்பு வேண்டாம். தரை துடைக்க வருகிறவர் சொல்லலாம். நோயாளியின் அண்ணன் சொல்லலாம். போதகரும் சொல்லலாம். அந்த ஆயாம்மாவின் காலத்தில் அப்படி ஒரு கோடும், அதைச் சொல்ல ஒரு அனுமதியும் இருந்திருந்தால் என்று நான் நினைப்பதுண்டு.

சொல்வது எளிதல்ல, கேட்டுக்கொள்வதும் எளிதல்ல. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் நெற்றியில் கைவைத்து ஜெபிப்பது என் வழக்கம். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு அப்படியே போவேன். ஒரு நாள் பயிற்சிச் செவிலியர் ஒருத்தி, என் பேத்தி வயது இருக்கும், ஓடிவந்து, "ஐயா, கையைக் கழுவிட்டு வந்து தொடுங்கய்யா" என்றாள். எனக்கு முகம் சுருங்கியது உண்மை. இத்தனை வருடமாக யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. தொட்டியருகே நின்று கைகளைக் கழுவும்போதுதான் உறைத்தது: இத்தனை வருடமாக யாரும் சொல்லாததுதான் குறை.

மறுநாள் பிரிவின் கூட்டத்தில் அவளுக்கு எல்லார் முன்பாகவும் நன்றி சொன்னேன். அவளுக்காக மட்டும் சொல்லவில்லை. போதகரையே நிறுத்திக் கேட்கலாம் என்றால் மருத்துவரையும் கேட்கலாம் என்று மற்றப் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பதற்காகவும் சொன்னேன். கூட்டத்தில் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் சிறியவர்கள் வாய் திறக்கிறார்கள். குறையைச் சொன்னவளை ஒரு தடவை அதட்டினால், அந்தப் பிரிவு மறுபடியும் பல மாதம் மௌனமாகிவிடும்.

நெகேமியாவின் நாட்களில் எருசலேமின் அலங்கம் கட்டப்பட்ட விதத்தை நீங்கள் அறிவீர்கள். ஆசாரியரும் தட்டாரும் வியாபாரிகளும், ஒரு அதிபதியின் குமாரத்திகளுங்கூட, தங்கள் தங்கள் பங்கைக் கட்டினார்கள். ஒருவர் பங்கு விடுபட்டால் அந்த இடத்தில் சத்துரு நுழைவான். தீவிர சிகிச்சைப் பிரிவும் அப்படிப்பட்ட ஒரு அலங்கமே.

கொடுக்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

இப்பொழுது அந்தச் சகோதரருக்கு வருகிறேன். தம்பி, வெண்டிலேட்டர் வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த மருத்துவமனைக்குக் கொடுத்தாலும், எங்களுக்கே கொடுத்தாலும், சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்.

இந்தக் கருவிக்கு இரவிலே எத்தனை செவிலியர் இருப்பார்கள்? கருவியில் இருக்கும் நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பதே நல்லது என்று நம் நாட்டுத் தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம் கூறுகிறது. அவர்களுக்கும் ஆயாக்களுக்கும் பயிற்சி கொடுக்கப்படுகிறதா? புதிதாய்ச் சேருகிறவர்களுக்கு அது திரும்பக் கொடுக்கப்படுகிறதா? கை கழுவத் தண்ணீரும் சோப்பும் ஒவ்வொரு கட்டிலுக்கும் எட்டும் தூரத்தில் உண்டா? எத்தனை பேருக்கு நிமோனியா வந்தது என்று கணக்கு வைக்கிறார்களா? அந்தக் கணக்கு ஊழியருக்குக் காட்டப்படுகிறதா? ஆயா ஒருவர் குறையைச் சொன்னால் அதைக் கேட்பது யார்?

இக்கேள்விகளால் நாங்கள் வருத்தப்படமாட்டோம். சில கேள்விகளுக்கு எங்களிடம் நல்ல பதில் உண்டு. சிலவற்றுக்கு இன்னும் குறைவான பதிலே உண்டு. நீங்கள் கேட்டால் அது எங்களைத் தூண்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். கருவியின்மேல் தகப்பனாரின் பெயரைப் பொறிக்கலாம். ஒரு செவிலியரின் இரவுப் பணிக்கும், ஒரு நாள் பயிற்சி வகுப்புக்கும், ஒரு பெட்டி டூத் பிரஷ்ஷுக்கும் பெயர்ப்பலகை வைக்க முடியாது. ஆனால் அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே படுத்திருப்பவர் உயிரோடு வீடு திரும்புவது பெரும்பாலும் அவற்றால்தான்.

நம் பிரிவில் இன்றிரவும் யாரோ ஒருவர் மூச்சைக் கடனாக வாங்கிக்கொண்டு படுத்திருப்பார். அவர் அருகே ஒரு செவிலியரும் ஒரு ஆயாவும் விழித்திருப்பார்கள். நீங்கள் உறங்கப்போகும் முன் ஜெபிக்கும்போது அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கண்கள் காண வேண்டும், கண்டதை வாய் சொல்ல வேண்டும், அதைக் கேட்க எங்களுக்குச் செவி வேண்டும் என்று ஜெபியுங்கள்.



கிறிஸ்துவின் பணியில் உங்கள்,
மருத்துவமனைச் சிற்றாலயப் போதகர்